பொதியும் காப்புறுதியும்

மன்னார்த் தீவின் வரலாறு கடலோடு பிணைந்தது. 1914ஆம் ஆண்டில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த பயணிகளும் தபாற் பைகளும் பொதிகளும் இத்தீவின் வழியாகவே கொழும்பை அடைந்தன. அக்கப்பற் சேவை 1980களில் நின்றுபோயிற்று. ஆயினும் கடல் கடந்து பொருள் வருவது நிற்கவில்லை. இன்று அது கொழும்புத் துறைமுகத்தின் வழியாகவும் கட்டுநாயக்க விமான நிலையத்தின் வழியாகவும் வருகிறது. வளைகுடா நாடுகளில் உழைக்கும் மக்கள் தம் வீடுகளுக்கு அனுப்பும் பெட்டிகள், நாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊராகிய தாராபுரத்திலும் வாசற்படிக்கே வந்து இறங்குகின்றன.

அத்தகைய பெட்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தாராபுரத்தில் தையல் வேலை செய்து வாழும் ஒரு தாய்க்கு, கட்டார் நாட்டில் உள்ள மகன் ஒரு தையற் பொறியை வாங்கிக் கப்பல் வழியே அனுப்புகிறான். பொறியின் விலை இலங்கைப் பணத்தில் 60,000 ரூபா. பெட்டியைப் பொறுப்பேற்கும் முகவர், விலையைக் குறைத்து எழுதினால் சுங்கத் தீர்வையும் குறையும், காப்புறுதிக் கட்டுப்பணமும் குறையும் என்கிறார். மகனும் இசைகிறான். பத்திரத்தில் 15,000 ரூபா என்று எழுதப்படுகிறது. சில வாரங்கள் கழித்துப் பெட்டி தாராபுரம் வந்து சேர்கிறது. அதன் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது. வண்டியோட்டி அவசரப்படுகிறான். தாய் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொள்கிறாள். பெட்டியைத் திறந்து பார்த்தால், பொறியின் மேற்கை விரிவு கண்டு நிற்கிறது. பழுது பார்க்க 20,000 ரூபா வேண்டும்.

காப்புறுதி இருக்கிறதே, கவலை என்ன என்று வீட்டார் எண்ணலாம். ஆனால், அந்தத் தாயின் இழப்பீட்டுக் கோரிக்கை அவள் விண்ணப்பம் எழுத உட்காரும் நாளில் தீர்மானிக்கப்படுவதன்று. பொருளை அனுப்பிய நாளிலும் பெற்றுக்கொண்ட நாளிலும் அது பெரும்பாலும் தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பொதிக் காப்புறுதியைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் தலையாயது இதுவே.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்துதல் நலம். பொருளை ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு வேறு, காப்புறுதி வேறு. கப்பல் நிறுவனமோ விமான நிறுவனமோ பொருளை ஏற்றுக்கொண்ட உடனேயே அதன் முழு விலைக்கும் பொறுப்பாகிவிடுகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மை அவ்வாறன்று. விமானச் சரக்குப் பற்றி 1999ஆம் ஆண்டில் மொன்றியல் நகரில் ஏற்பட்ட பன்னாட்டு உடன்படிக்கையின்படி, விமான நிறுவனத்தின் பொறுப்பு எடையைக் கொண்டே அளக்கப்படுகிறது. 2024 டிசம்பர் இறுதி முதல், ஒரு கிலோவுக்கு 26 அலகு என்பதே எல்லை. பன்னாட்டு நாணய நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை என்னும் கணக்குப் பணமே இங்கு அலகு எனப்படுகிறது. ஆகவே இரண்டு கிலோ எடையுள்ள ஒரு மடிக்கணினி தொலைந்துபோனால், அதன் விலை எத்துணை உயர்ந்ததாயினும், 52 அலகுக்கு மேல் கிடைக்காது. அனுப்புபவர் முன்கூட்டியே மதிப்பைச் சிறப்பாக அறிவித்து, அதற்குரிய மேலதிகக் கட்டணத்தையும் செலுத்தியிருந்தால் மட்டுமே இவ்வெல்லை உயரும்.

கப்பல் வழியில் எல்லை சற்றுத் தாராளமானது. ஹேக்-விஸ்பி விதிகள் எனப்படும் பன்னாட்டு விதிகளின்படி, ஒரு பொதிக்கு 666.67 அலகு, அல்லது கிலோவுக்கு 2 அலகு, இவற்றுள் எது அதிகமோ அதுவே எல்லை. ஆனால், விலக்குகள் பல. கடலின் இடர்களால் நேர்ந்த சேதத்துக்கும், கப்பலைச் செலுத்துவதில் மாலுமிகள் செய்த பிழையால் நேர்ந்த சேதத்துக்கும் கப்பல் நிறுவனம் பொறுப்பன்று. தன் சொந்தத் தவறால் மூண்டதல்லாத தீக்கும் அது பொறுப்பன்று. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்னும் கப்பல் தீப்பற்றி எரிந்ததை நாடே அறியும். 1,486 கொள்கலன்கள் அதில் இருந்தன. அத்தகைய விபத்தில் பொருளை இழந்தவர் கப்பல் நிறுவனத்தோடு வழக்காடித் தீர்வு காண்பதற்குப் பல ஆண்டுகள் செல்லக்கூடும். காப்புறுதி செய்தவரோ தம் காப்புறுதி நிறுவனத்திடம் நேரே இழப்பீடு பெறலாம். பின்னர் கப்பல் நிறுவனத்தோடு வாதாடும் உரிமையும் சுமையும் காப்புறுதி நிறுவனத்தையே சேரும்.

தபால் வழியில் அனுப்பப்படும் பொதிகளுக்கும் இத்தகைய ஓர் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. 1874ஆம் ஆண்டில் பேர்ண் நகரில் உலகத் தபால் ஒன்றியம் உருவாயிற்று. நான்கு ஆண்டுகளின் பின், 1878இல், மதிப்பு அறிவிக்கப்பட்ட கடிதங்களுக்கான உடன்பாடு பாரிசில் ஏற்பட்டது. 1880இல் பொதித் தபாலுக்கான உடன்பாடும் அங்கேயே கைச்சாத்தாயிற்று. இந்த முறையின் உயிர்நாடி அறிவிக்கப்பட்ட மதிப்பு. உள்ளிருக்கும் பொருளின் உண்மை விலைக்கு மேற்பட்ட தொகையை அறிவித்தல் ஆகாது. விலையின் ஒரு பகுதியை மட்டும் அறிவிக்கலாம். ஆனால், கிடைக்கும் இழப்பீடும் அந்தப் பகுதியோடு நின்றுவிடும். பொதி காணாமற் போனால், அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தபாலகத்தில் விசாரணை கோர வேண்டும். அனுப்பியபோது தந்த பற்றுச்சீட்டு இல்லாமல் அந்த விசாரணையை நடத்துவது எளிதன்று. பொருள் வராததால் கைநழுவிய இலாபத்துக்குத் தபாலகம் ஈடு செய்வதில்லை.

இனி, காப்புறுதி நிறுவனத்திடம் வாங்கும் பத்திரத்தைக் காணலாம். கடல்வழிச் சரக்குக்கு இலண்டன் சந்தையில் வகுக்கப்பட்ட ஏ, பி, சி என்னும் மூவகை நிபந்தனைத் தொகுதிகள் உலகெங்கும் வழங்குகின்றன. இவற்றுள் சி என்பது மிகக் குறுகியது. தீ, கப்பல் தரைதட்டுதல், மூழ்குதல், மோதுதல் போன்ற பெருவிபத்துகளே அதில் அடங்கும். ஏ என்பது மிக விரிந்தது. வெளிப்படையாக விலக்கப்பட்டவை தவிர்ந்த எல்லா இடர்களும் அதில் அடங்கும். ஒரு பெட்டியின் மூலை நசுங்கியதோ, உள்ளிருந்த பொருள் களவு போனதோ, சி வகைப் பத்திரத்தில் இழப்பாகக் கொள்ளப்படுவதில்லை. மலிவான கட்டுப்பணத்தைக் கண்டு மகிழ்பவர், எந்த வகை என்று ஒரு சொல் கேட்டறிந்தால் பின்னால் வருந்த நேராது.

ஏ வகையிலும் விலக்குகள் உண்டு. போதிய கட்டுமானம் இல்லாமல் அனுப்பிய பொருள் உடைந்தால் ஈடு இல்லை. பொருளின் இயல்பிலேயே உள்ள கேட்டுக்கும் ஈடு இல்லை. நன்கு உலராத கருவாட்டைக் கட்டி அனுப்பி, அது வழியிற் கெட்டுப்போனால், அந்தக் கேடு கருவாட்டோடு பிறந்தது, கடல் செய்ததன்று. தாமதத்தால் விளைந்த இழப்பும் அவ்வாறே விலக்கப்பட்டது. திருமணத்துக்கென அனுப்பிய பட்டுச் சேலை மணநாள் கழிந்து வந்து சேர்ந்தால், சேலைக்கு யாதொரு பழுதும் இல்லாத வரையில், மனவருத்தத்துக்கு எந்தப் பத்திரமும் விலை கொடுப்பதில்லை.

போர் இடரும் தனியாகக் கவனிக்கத் தக்கது. சாதாரணப் பத்திரம் அதனை விலக்குகிறது. மேலதிகக் கட்டணம் செலுத்திப் போர்க் காப்புப் பெற்றாலும், கப்பற் சரக்குக்கு அது பொதுவாகப் பொருள் கப்பலில் இருக்கும் வரையில்தான். தரையில் நேரும் போர்ச் சேதத்தை ஏற்பதில்லை என்று 1930களிலேயே இலண்டன் காப்புறுதியாளர் தமக்குள் உடன்பட்டுக்கொண்டனர். இதன் பொருள் என்ன என்பதைத் தாராபுரத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் செல்ல நேர்ந்தது. வீட்டையும் பொருளையும் விட்டுச் சென்றவர்களுள் பலருக்கு, அவை தமக்கு உரியவை என்று காட்டும் தாள் கூடக் கையில் இல்லை. தாளின் அருமை அதனை இழந்தவருக்கே முழுதும் விளங்கும்.

காப்புறுதி மார்க்கத்துக்கு இசைந்ததா என்னும் ஐயமும் முஸ்லிம் ஊர்களில் எழுவதுண்டு. அதற்கு விடையாகத் தகாபுல் என்னும் முறை வளர்ந்தது. பலர் கூடிப் பொது நிதிக்குப் பணம் செலுத்தி, இழப்புற்றவருக்கு அந்நிதியிலிருந்து உதவுவது அதன் அடிப்படை. 1979இல் சூடானில் இதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. பின்னர் இலங்கையிலும் இம்முறை வந்துள்ளது. ஆனால், எந்த முறையாயினும், உண்மையை உரைத்தலும் சான்றைக் காத்தலும் அங்கும் இன்றியமையாதவையே.

இப்போது அந்தத் தாயின் பெட்டிக்குத் திரும்பலாம். பொறியின் உண்மை விலை 60,000 ரூபா. சேதம் 20,000 ரூபா. அதாவது மூன்றில் ஒரு பங்கு. பத்திரத்தில் எழுதிய மதிப்போ 15,000 ரூபா. எனவே கணக்கின்படி கிடைக்கக்கூடியது அந்த 15,000 ரூபாவின் மூன்றில் ஒரு பங்காகிய 5,000 ரூபாவே. எஞ்சிய 15,000 ரூபா அவளுடைய இழப்பு. சுங்கத்துக்கு ஒரு விலையும் காப்புறுதிக்கு வேறொரு விலையும் எழுதியிருந்தால் நிலை இன்னும் மோசமாகும். ஒரே பொருளுக்கு இரு விலை கண்ட இடத்தில், கோரிக்கை முழுவதும் ஐயத்துக்கு உள்ளாகும். சுங்கத்தின் முன் பொய்யுரைப்பது குற்றமும் ஆகும். முழுமையான நன்னம்பிக்கையே காப்புறுதி ஒப்பந்தத்தின் அடித்தளம் என்று கடற் காப்புறுதிச் சட்டம் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளது.

அந்த 5,000 ரூபாவும் எளிதிற் கிடைக்குமா? அவள் இட்ட கையெழுத்து குறுக்கே நிற்கிறது. எக்குறிப்பும் இன்றிக் கையெழுத்திட்டுப் பெறப்பட்ட பெட்டி நல்ல நிலையில் வந்தது என்றே முதலிற் கொள்ளப்படும். கடல்வழிச் சரக்கில், வெளிப்படையாகத் தெரியும் சேதத்தைப் பெற்றுக்கொள்ளும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உள்ளே மறைந்திருக்கும் சேதமாயின் மூன்று நாள் தவணை உண்டு. கப்பல் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர ஓர் ஆண்டு. விமானச் சரக்கில், சேதத்தைத் தெரிவிக்க 14 நாளும், தாமதத்தைத் தெரிவிக்க 21 நாளும், வழக்குக்கு இரண்டு ஆண்டும் எல்லைகள். முறைப்படி அறிவிக்கத் தவறினால் காப்புறுதி நிறுவனமும் முகம் சுளிக்கும். ஏனெனில், ஏற்றிச் சென்றவரிடமிருந்து பணத்தை மீட்கும் உரிமையைப் பொருளுக்குரியவர் காத்துத் தர வேண்டும் என்பது பத்திரத்தின் நிபந்தனை.

ஆகவே பெட்டி வந்ததும் செய்ய வேண்டியவை சில. கையெழுத்திடுமுன் நான்கு பக்கமும் பார்த்தல். நசுங்கலோ ஈரமோ கிழிசலோ இருந்தால் விநியோகச் சீட்டிலேயே அதனை எழுதுதல். திறக்குமுன்னும் திறந்த பின்னும் படம் எடுத்தல். பெட்டியையும் உள்ளிருந்த வைக்கோலையும் கடதாசியையும் எறிந்துவிடலாகாது. சேத மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை அவையே சாட்சிகள். எனினும், சேதம் பெருகுமாறு வாளாவிருத்தலும் தவறு. நனைந்த துணியை உலர்த்துவதும், துருப்பிடிக்கும் இரும்பைத் துடைப்பதும் பொருளுக்குரியவரின் கடமை. அதற்கு ஆகும் நியாயமான செலவையும் காப்புறுதி நிறுவனத்திடம் கோரலாம்.

கோரிக்கையோடு செல்ல வேண்டிய தாள்கள் காப்புறுதிப் பத்திரம், கப்பற் சீட்டு அல்லது விமானச் சீட்டு, கடையின் விலைச்சீட்டு, பொதியில் உள்ளவற்றின் பட்டியல், குறிப்பெழுதிய விநியோகச் சீட்டு, ஏற்றிச் சென்றவருக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, மதிப்பீட்டாளரின் அறிக்கை ஆகியவை. பத்திரம் மகனின் பெயரில் இருந்தால், அவன் அதன் பின்புறத்தில் ஒப்பமிட்டுத் தாய்க்கு உரிமை மாற்றித் தர வேண்டும். இந்த ஒப்பம் இல்லாமையினால் மாதக் கணக்கிற் காலம் வீணாவதுண்டு. கோரிக்கை நியாயமின்றி மறுக்கப்பட்டதாகத் தோன்றினால், நிறுவனத்தின் மேலிடத்துக்கு முதலில் எழுத வேண்டும். அங்கும் தீர்வு கிட்டாதாயின், இலங்கையில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியை நாடும் வழி இருக்கிறது.

இவ்வளவும் ஓர் ஏழைத் தாய்க்குப் பெருஞ் சுமையாகத் தோன்றலாம். உண்மையில் அவளிடம் கேட்கப்படுவது சிறிது. மகன் கடையில் வாங்கிய விலைச்சீட்டை அப்படியே அனுப்பி, உண்மை விலையை எழுதி, ஏ வகைப் பத்திரம் ஒன்றை எடுத்து, பெட்டியின் உள்ளே நாற்புறமும் இடைவெளியின்றிக் கட்டியிருந்தால், தன் பங்கை அவன் முடித்துவிட்டான். தாயின் பங்கு, வண்டியோட்டி எத்துணை அவசரப்பட்டாலும், கையெழுத்துக்கு மேலே "பெட்டியின் மூலை நசுங்கியுள்ளது" என்று எழுதுவதே. அந்த மூன்று சொற்கள் இருந்திருந்தால், பொறியைப் பழுது பார்க்கும் 20,000 ரூபாவையும் அவள் கேட்டுப் பெற வழி இருந்திருக்கும். தையற் பொறியும் மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கும்.