கருணைத் தொகை வேண்டாம், நட்ட ஈடு கொடு
(பேச்சின் எழுத்து வடிவம்)



'நட்ட ஈடு' என்கிற சொல்லை நம்ம சனங்க எப்படிச் சொல்றாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? கை முறிந்தவரும் சரி, கண் போனவரும் சரி, எஸ்டேட் பங்களா வாசலில் போய் நின்று "ஏதாச்சும் பாத்துப் போட்டுக் குடுங்க சாமி" என்றுதான் கேட்கிறார்கள். கொடுத்தால் கும்பிடு. கொடுக்கவில்லையென்றால் விதி. எனக்குச் சேரவேண்டிய கடன் உன்னிடம் இருக்கிறது, எடுத்து வை என்று கேட்கிற நாக்கை இந்தச் சாதியச் சமூகம் நமக்கு வளரவிடவில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு முன்னால் இந்த நாக்கைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதே மலையில், கொடைக்கானலில், ஒரு பன்னாட்டுக் கம்பெனியோடு 15 வருசம் நடந்த சண்டையும் கடைசியில் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் வந்து நின்றது. ஒன்று நட்ட ஈடு. இன்னொன்று கருணைத் தொகை.

கதை பலருக்குத் தெரியும். ஆனாலும் வரிசையாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்கிற ஊரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்துகொண்டிருந்த தொழிற்சாலையை 1980களின் தொடக்கத்தில் பெயர்த்துக்கொண்டுவந்து கொடைக்கானலில் வைத்தார்கள். பாண்ட்ஸ் கம்பெனி. முகத்துக்குப் பூசுகிற பவுடர் பாண்ட்ஸ்தான். 1987இல் அதன் தாய்க் கம்பெனியை யூனிலீவர் வாங்கியது. 1998இல் பாண்ட்ஸ் இந்தியா, இந்துஸ்தான் லீவரோடு இணைந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. செய்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. இங்கே தங்கியது உடைந்த கண்ணாடியும், காற்றில் ஏறிய ஆவியும், அதைச் சுவாசித்த மனிதர்களும்தான்.

2001 மார்ச் 7ஆம் தேதி மூஞ்சிக்கல்லில் ஒரு காயலான் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூட்டை மூட்டையாய்க் கிடப்பதை ஊர்சனங்களும் தொழிலாளர்களும் பழனிமலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து வெளியே கொண்டுவந்தார்கள். 7.4 டன் என்று கிரீன்பீஸ் கணக்குச் சொன்னது. விதிமுறையை மீறிப் பழைய கண்ணாடி விற்கப்பட்டுவிட்டது என்று கம்பெனி ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டே ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. ஏழை நாட்டிலிருந்து பணக்கார நாட்டுக்குக் குப்பை திரும்பிப் போவது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை, அதை நம் மக்கள் சாதித்தார்கள். ஆலைக்குப் பின்பக்கம் பாம்பாறு சோலை. அந்தப் பாம்பாறு இறங்கிக் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் போகிறது. கொடைக்கானல் ஏரியின் மீனிலும் வண்டலிலும் பாதரசம் இருப்பதை அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் ஆய்வு செய்து 2006இல் வெளியிட்டார்கள்.

சரி, கழிவு போயிற்று. மனிதர்கள்?

உருண்டு ஓடிய பாதரசத்தை வெறுங்கையால் கூட்டி அள்ளினோம், முறையான கவசம் எதுவும் தரவில்லை, வேலைத் துணியோடு வீட்டுக்குப் போனோம், பிள்ளையை அதே துணியோடு தூக்கினோம் என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். சிறுநீரகம் கெட்டது, கை நடுங்குகிறது, பல் ஈறு வீங்குகிறது, மறதி, காரணமில்லாத கோபம், கருக்கலைவு என்றார்கள். எங்கள் ஆலையால் யாருடைய உடல்நலமும் கெடவில்லை என்பது கம்பெனியின் நிலைபாடு. கடைசிவரை அதிலிருந்து அது இறங்கவில்லை.

இங்கேதான் சட்டம் படிக்கிற மாணவர்கள் கவனிக்கணும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. அதில் பாதரசத்தால் வருகிற நோய் பெயர் சொல்லி இடம்பெற்றிருந்தது. அந்த வேலையில் தொடர்ந்து 6 மாதம் இருந்த ஒருவருக்கு அந்த நோய் வந்தால் அதை வேலையில் ஏற்பட்ட விபத்துக் காயமாகவே கொள்ளவேண்டும். இல்லை என்று நிரூபிக்கவேண்டியவர் முதலாளி. அதாவது நிரூபிக்கும் சுமை நம்ம தலையில் இல்லை. தொழிற்சாலைச் சட்டத்திலும் பாதரச நஞ்சு அறிவிக்கப்பட்ட நோயாக இருந்தது. கண்டால் ஆலை நிர்வாகியும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்கவேண்டும் என்றிருந்தது. போபாலுக்குப் பிறகு, 1987இல் கொண்டுவந்த திருத்தம், ஆபத்தான தொழிலில் இருப்பவரின் உடல்நலப் பதிவேட்டைத் தொழிலாளி பார்க்கலாம் என்றது.

காகிதத்தில் இவ்வளவு இருந்தும் ஏன் 15 வருசம்?

சாட்சி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கை அறுந்தால் தழும்பு சாட்சி. மூச்சில் போன பாதரச ஆவி அப்படியில்லை. வேலையை விட்டுச் சில மாதங்களிலேயே இரத்தத்திலும் சிறுநீரிலும் அதன் அளவு இறங்கிவிடும். ஆனால் நரம்பிலும் சிறுநீரகத்திலும் அது செய்த காரியம் அப்படியே நிற்கும். ஐந்து வருசம் கழித்து ஊசி போட்டு இரத்தம் எடுத்து, 'அளவு சரியாகத்தானே இருக்கிறது' என்றால் அந்தச் சோதனைக்கு என்ன மரியாதை? வேலையில் இருந்தபோது எடுத்த அளவுகள்தான் உண்மையான சாட்சி. அந்தப் பதிவேடு யார் பீரோவில் இருக்கிறது? முதலாளி பீரோவில். எந்த வழக்கிலும் முதல் சண்டை இந்தப் பீரோ சாவிக்குத்தான் என்பது என் கருத்து.

முன்னாள் தொழிலாளர்களின் சங்கம் 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போட்டது. நீதிமன்றம் நிபுணர் குழு அமைத்தது. இந்த நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பு உண்டென்று சொல்லப் போதிய சாட்சியம் இல்லை என்றது குழு. சங்கம் விடவில்லை. மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் குழு வந்து பார்த்தது. தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களின் பிள்ளைகளும் பாதரசத்தால் பாதிக்கப்பட்டதற்கு முதல்நோக்கில் ஆதாரம் இருக்கிறது என்று 2011இல் வெளியான அதன் அறிக்கை சொன்னது. ஒரே உடம்பு, இரண்டு அறிக்கை. விஞ்ஞானம் நடுநிலையானது என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அந்த வகுப்புக்கு இந்த இரண்டையும் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்லணும்.

2015இல் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் பாடிய ராப் பாட்டு உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர், குடும்பத்தாரோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. தொகை எவ்வளவு என்று வெளியிடவில்லை. மனிதாபிமான அடிப்படையில் கொடுக்கிற கருணைத் தொகை என்று கம்பெனி பெயர் வைத்தது. கருணை! 15 வருசம் போராடி வாங்கிய காசுக்குக் கருணை என்று பேர்.

உடன்பாட்டில் கையெழுத்துப் போட்ட தொழிலாளர்களை நான் ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டேன். கூட வேலை செய்தவர்களைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனவர்கள் அவர்கள். மருந்துக்குக் காசு வேண்டும், பிள்ளை படிக்கவேண்டும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு 'இன்னும் போராடியிருக்கலாம்' என்று கட்டுரை எழுதுகிறவர்களுக்கு அந்த வீட்டு அடுப்பு தெரியாது. நான் கேட்பது சொல்லைப் பற்றி. கருணை என்றால் குற்றம் இல்லை. குற்றம் இல்லையென்றால் அடுத்த ஆலைக்குப் பாடமும் இல்லை.

ஜப்பானில் மினமாட்டா என்று ஒரு மீனவர் ஊர். சிஸ்ஸோ என்கிற இரசாயனக் கம்பெனி பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து சுழன்றன. பிறகு மனிதர்கள். 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தொற்றுநோய் என்று பயந்து அந்தக் குடும்பங்களோடு யாரும் புழங்கவில்லை, அவர்கள் கொடுத்த காசைக் கையில் தொடக்கூட அஞ்சினார்கள். நமக்கு இது புதுசா என்ன? 1959 டிசம்பரில் கம்பெனி ஒரு தொகை கொடுத்தது. அவர்கள் மொழியில் அதற்குப் பெயர் 'மிமாய்கின்', ஆறுதல் பணம். இறந்தவருக்கு 3 இலட்சம் யென். கூடவே ஒரு நிபந்தனை: ஆலைதான் காரணம் என்று பின்னால் தெரியவந்தாலும் மேற்கொண்டு எதுவும் கேட்கக்கூடாது. இதில் அக்கிரமம் என்னவென்றால், கம்பெனி மருத்துவரே ஆலைக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துச் சோதித்து அதே நோய் வருவதை அந்த ஆண்டு அக்டோபரிலேயே கண்டுவிட்டார். தெரிந்துகொண்டேதான் நிபந்தனை எழுதினார்கள். 1973 மார்ச் 20ஆம் தேதி குமமோட்டோ நீதிமன்றம் அந்த ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு விரோதமானது, செல்லாது என்று தீர்ப்பளித்தது. இறந்தவருக்கு 1 கோடியே 80 இலட்சம் யென் கொடுக்கச் சொன்னது. 3 இலட்சம் எங்கே, 180 இலட்சம் எங்கே. ஆறுதலுக்கும் ஈட்டுக்கும் உள்ள தூரம் அதுதான்.

நம் நாட்டுத் தீர்ப்புகளும் வெறும் கையோடு நம்மை அனுப்பவில்லை. டெல்லி ஸ்ரீராம் ஆலை வாயுக் கசிவு வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழில் நடத்துகிறவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் கேடு வந்தால் பொறுப்பு முழுக்க அவருடையதே, கம்பெனி எவ்வளவு பெரியதோ ஈடும் அவ்வளவு பெரியதாக இருக்கவேண்டும் என்றது. 1995 ஜனவரியில் கல்நார்த் தொழிலாளர் வழக்கில், வேலை செய்கிறவரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி, உடல்நலப் பதிவேட்டை 40 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தலித் சமூகத்திலிருந்து அந்த நாற்காலிக்குப் போன நீதிபதி கே. ராமசாமி. மலக்குழி மரணங்களுக்கு 2014இல் 10 இலட்சம் என்றிருந்ததை 2023 அக்டோபரில் 30 இலட்சமாக்கியது உச்ச நீதிமன்றம். நிரந்தர ஊனத்துக்கு 20 இலட்சம். யாரும் கருணையால் இதைக் கொடுக்கவில்லை, வழக்குப் போட்டுப் பெற்றது.

இனி நம்ம கீழ்மலைக்கு வருவோம். பெரிய கம்பெனி, வெளிநாட்டுப் பத்திரிகை எல்லாம் இல்லாத இடம். காப்பிக்கு நிழல் சரிபண்ணச் சில்வர் ஓக் மரத்தில் ஏறிக் கிளை கழிக்கிற வேலை யார் செய்வது? கவசமில்லாமல் மருந்தடிப்பது யார்? என் சித்தப்பா ஒருவர் அப்படி மரத்திலிருந்து விழுந்து இடுப்பு போனவர். எந்த எஸ்டேட் என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார்கள், வெள்ளைத்தாளில் கைநாட்டு வாங்கினார்கள். பிறகு செக்ரோலை எடுத்துப் பார்த்தால் விழுந்த அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை! ஆப்சென்ட். சித்தி ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்: "வேலைக்கு வராத மனுசன் அவங்க மரத்துல எதுக்குய்யா ஏறுனாரு?" எந்த வக்கீலும் இதைவிட நல்ல குறுக்கு விசாரணை செய்துவிட முடியாது. ஆனால் அதை எழுதிக்கொள்ள அன்றைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். நிரந்தர முழு ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்கான எண்ணால் பெருக்கணும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கூலி மாதம் 8,000 என்று வையுங்கள். 4,800ஐப் பெருக்கினால் 9,98,304 ரூபாய். இறந்துபோனால் 50 விழுக்காடு, அதாவது 8,31,920. பாதி ஊனத்துக்கு உழைப்புத் திறன் போன அளவுக்கு விகிதம். பத்தாயிரத்தைக் கொடுத்துக் கைநாட்டு வாங்குகிறவனுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் அவசரப்படுகிறான். 'அவன் காண்டிராக்டர் ஆளு, எனக்குத் தெரியாது' என்பார்கள். காண்டிராக்டர் ஆளாக இருந்தாலும் வேலையைக் கொடுத்த முதலாளியிடமே ஈடு கேட்கலாம் என்று 1923 சட்டத்தின் 12ஆவது பிரிவு சொன்னது. இ.எஸ்.ஐ. இருக்கிற இடத்தில் வழி வேறு, அங்கே போய்க் கேட்கணும். 2025 நவம்பர் 21 முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்திருக்கிறது. தொழிற்சாலைச் சட்டமும் தோட்டத் தொழிலாளர் சட்டமும் இப்படியே வேறு தொகுப்புக்குள் போய்விட்டன. ஆகவே பிரிவு எண்களைப் பழைய புத்தகத்தைப் பார்த்து எழுதாதீர்கள். வக்கீலுக்குக் காசு இல்லை என்று யாரும் திரும்பிப் போகவேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சாதி வெறியர்கள் அடித்துக் காயம் என்றால் அது வேறு கணக்கு. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன்படி அரசே நிவாரணம் தரவேண்டும். அதைப் பற்றி மதியம் தனியாகப் பேசுவோம்.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் காலனியில் யார் எந்த எஸ்டேட்டில் எந்தத் தேதியில் என்ன வேலை, எவ்வளவு கூலி, மேஸ்திரி யார் என்று அன்றன்று எழுதச் சொல்லிக்கொடுங்கள். எழுதத் தெரியாத வீட்டில் நீங்களே எழுதுங்கள். மருந்தடித்தால் டப்பாவின் லேபிளைக் கிழித்து ஒட்டுங்கள். விழுந்தாலோ வெட்டுப்பட்டாலோ அரசு ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோங்கள், எங்கே எப்படி அடிபட்டது என்பதைச் சீட்டில் எழுதவைத்துவிட்டுத்தான் அங்கிருந்து நகரணும். வெள்ளைத்தாளில் கைநாட்டு மட்டும் யாரும் வைக்கவேண்டாம். முதலாளியின் செக்ரோல் கோர்ட்டுக்கு வருகிற அன்றைக்கு இந்த நோட்டும் போகட்டும்.

கேள்வி இருந்தால் கேளுங்க. தாண்டிக்குடிப் பக்கம் போகிற பெண் தோழர்கள் முதலில் கேளுங்க, அவங்களுக்குக் கடைசி பஸ் இருக்கு.