ஐந்து நாள் காய்ச்சலா? நாளை எண்ணுங்கள்!
(இடைசெவல் தாய்மார் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பு செவந்து தடித்தால், "அம்மை போட்டிருக்கு" என்று வேப்பிலையைச் செருகிப் படுக்க வைப்பது நம் கரிசல் காட்டு வழக்கம். பல சமயம் அது மணல்வாரியாக இருக்கலாம். ஆனால் அதே தோற்றத்தில் வருகிற இன்னொரு நோயும் உண்டு. அதுதான் காவசாகி நோய். ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு காவசாகி, 50 குழந்தைகளிடம் கண்டதை 1967-ல் விவரித்து எழுதினார். நம் நாட்டிலும் இது வருகிறது. பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு.

இது ரத்தக் குழாய்களின் அழற்சி. காரணம் இன்னும் தெளிவாகவில்லை. ஒட்டுவாரொட்டி அல்ல.

அடையாளங்கள்: 5 நாளைத் தாண்டியும் விடாத கடுங்காய்ச்சல். அதோடு,

1. பீளை தள்ளாமல் இரு கண்ணும் சிவத்தல்
2. உதடு சிவந்து வெடித்தல், நாக்கில் சிவந்த பொரிகள்
3. உடம்பில் தடிப்பு
4. கை கால் வீக்கம்; பிறகு விரல் நுனியில் தோல் உரிதல்
5. கழுத்தில் நெறி கட்டுதல்

எல்லாம் ஒன்றாக வராது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஒன்றிரண்டு மட்டுமே தெரியலாம். பி.சி.ஜி. ஊசித் தழும்பு செவந்து தடிப்பதும் உண்டு.

சிகிச்சை இல்லாமலே இந்தக் காய்ச்சல் இரண்டு வாரத்தில் தணிந்துவிடும். "ஆத்தா இறங்கிட்டா" என்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுவோம். அங்கேதான் ஆபத்து! சிகிச்சை பெறாத நாலு பிள்ளையில் ஒன்றுக்கு, இதயத்துக்கு ரத்தம் ஊட்டும் குழாய் பலூன் மாதிரி வீங்கிவிடுகிறது. அதில் ரத்தம் உறைந்தால் பச்சைப் பிள்ளைக்கும் மாரடைப்பு வரும்.

மருந்து உண்டு. இம்யூனோகுளோபுலினைக் கிலோ எடைக்கு 2 கிராம் வீதம், 10 முதல் 12 மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். காய்ச்சல் கண்ட 10 நாளுக்குள் ஏற்றினால் அந்த வீக்கம் நூற்றில் ஐந்து பேர் அளவுக்குக் குறைகிறது. கூடவே ஆஸ்பிரினும் கொடுப்பார்கள். அதை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். வேறு சில காய்ச்சலில் அது மூளையையும் ஈரலையும் கெடுக்கும். பிறகு டாக்டர் சொல்லும் தேதிகளில் இதயத்துக்கு எக்கோ பரிசோதனை செய்ய வேண்டும். தட்டம்மைத் தடுப்பூசியை 11 மாதம் தள்ளிப்போட நேரும்; அட்டையில் எழுதி வாங்குங்கள்.

காட்டு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிற உங்களுக்கு நாள் கணக்கு மறந்துபோகும். காய்ச்சல் கண்ட அன்றே காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். இந்த அடையாளங்களில் ஒன்று தெரிந்தாலும் ஐந்தாம் நாள் வரை காத்திராமல் கோவில்பட்டி அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். வேப்பிலையை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேப்பிலையோடு பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.