அடிக்கட்டையும் பேரேடும்: ஒரு கணினிப் பொறியாளரின் வாழ்க்கைப் பணி

(ஜமாஅத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டு நம் அலுவலகக் கணினி பழுதுற்று, மூன்று மாதச் சந்தாக் கணக்கும் அதனோடு போனதை உறுப்பினர்கள் அறிவீர்கள். அந்தக் கணக்கை மீட்டுத் தந்தவை ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டைகளே. இஷாவுக்குப் பின் இரண்டு இளைஞர்கள் ஐந்து இரவுகள் அமர்ந்து, ஒவ்வோர் அடிக்கட்டையாகப் பார்த்துப் பேரேட்டை மறுபடியும் எழுதினார்கள். தொகை ஒரு ரூபாய் கூடப் பிசகவில்லை. அன்று நம்மிற் சிலர், கணினியை நம்பியதே தவறு என்றார்கள். நமக்கு வேறொன்று தோன்றியது. பணம் கைக்கு வந்தவுடன் முதலில் அடிக்கட்டையில் எழுதி, பிறகே பேரேட்டில் ஏற்றுகிறோம் அல்லவா? உலகத்து வங்கிக் கணினிகளும் இதே வழக்கத்தின்படியே நடக்கின்றன. அவ்வழக்கத்தைக் கணினிக்குள் ஒழுங்குபட அமைத்தவர்களுள் முதல்வரிசையில் நின்ற ஒருவரைப் பற்றியே இன்று பேச விழைகிறோம். கணினித் துறையை நாடும் நம் பிள்ளைகளுக்குத் திரையில் தெரியும் பகுதி மட்டுமே கண்ணில் படுகிறது. திரைக்குப் பின்னே தகவலைக் காத்து நிற்கும் பணியும் ஒன்று உண்டு. அதை எவரும் பாராட்டுவதில்லை. கெட்டுப் போனால்தான் அப்படியொரு பணி இருந்ததே தெரியவரும்.

அவர் பெயர் ஜிம் கிரே. 1944இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தவர். அருகிலுள்ள பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1969இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை வழங்கிய முதல் முனைவர் பட்டம் அதுவே. பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அந்நிறுவனத்தைச் சேர்ந்த காட் என்பார், தகவல்களை அட்டவணைகளாக அமைத்து வைக்கலாம் என்று 1970இல் எழுதியிருந்தார். அது செயலில் கைகூடுமா என்று சோதிக்க சான் ஹோசே ஆய்வகத்தில் ‘சிஸ்டம் ஆர்’ என்ற திட்டம் நடந்தது. கிரேயின் பெரும்பணி அங்கேதான் தொடங்கியது.

அந்தப் பணி என்ன என்பதைச் சற்று நின்று விளக்க வேண்டும். ஒருவர் தம் கணக்கிலிருந்து ஆயிரம் ரூபாயை மகளின் கணக்குக்கு மாற்றுகிறார் எனக் கொள்வோம். கணினி இரண்டு வேலைகள் செய்ய வேண்டும்: ஓரிடத்தில் கழிக்க வேண்டும், மற்றோரிடத்தில் கூட்ட வேண்டும். கழித்த கணத்தில், கூட்டுவதற்கு முன் மின்சாரம் நின்றுவிட்டால்? பணம் தந்தையிடமும் இல்லை, மகளிடமும் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. இதே கணத்தில் வேறோர் ஊரில் வேறொருவர் அதே கணக்கில் கை வைத்தால், இருவரும் ஒரே இருப்பைப் பார்த்துவிட்டு இரண்டு முறை எடுத்துவிடக்கூடும்.

கிரேயும் அவருடைய தோழர்களும் கண்ட விடை இதுதான். இவ்விரண்டு வேலைகளையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுவது. நடந்தால் இரண்டும் நடக்க வேண்டும், இல்லையேல் ஒன்றும் நடக்காதது போல் ஆகிவிட வேண்டும். இந்தக் கட்டுக்குப் பரிவர்த்தனை என்று பெயர். அது முடியும் வரை அக்கணக்கைப் பிறர் தொடாதபடி பூட்டி வைப்பது ஒரு பாதி. செய்யப் போகும் மாற்றத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகே கணக்கைத் திருத்துவது மறு பாதி. இடையில் இயந்திரம் நின்று மீண்டும் எழும்போது, முதலில் அக்குறிப்பேட்டைப் படிக்கும். முழுமை பெற்றதை நிலைநாட்டும்; அரைகுறையாய் நின்றதை அழித்துவிடும். நம் இளைஞர்கள் ஐந்து இரவுகளில் செய்ததைக் கணினி கண நேரத்தில் செய்கிறது. ஏ.டி.எம். இயந்திரத்தில் பணம் எடுக்கும்போதும், இரயிலுக்கு முன்பதிவு செய்யும்போதும் பின்னால் நடப்பது இதுவே.

1980இல் கிரே டாண்டம் என்ற நிறுவனத்துக்குச் சென்றார். ஓர் உறுப்பு பழுதானாலும் நிற்காமல் ஓடும் கணினிகளைச் செய்த நிறுவனம் அது. அங்கே அவர் கேட்ட கேள்வி மிக எளிது: கணினிகள் ஏன் நிற்கின்றன? வாடிக்கையாளர்களிடமிருந்து வந்த பழுது அறிக்கைகளைச் சேர்த்துப் பார்த்து 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திர உறுப்புகளின் பழுதால் நின்றவை ஏறத்தாழ 18 விழுக்காடு. நிர்வாகத்தால், அதாவது இயக்குவோரும் பராமரிப்போரும் செய்த பிழைகளால் நின்றவை ஏறத்தாழ 42 விழுக்காடு! நாம் முதன்முதலில் இதைப் படித்தபோது நம் அலுவலகத்தின் நினைவே வந்தது. நம் கணினியின் ஹார்ட் டிஸ்க் கெட்டது உண்மைதான். அதற்கு மாற்றுப் படி எடுத்து வைக்காதது எவருடைய பழுது?

அவருடைய இன்னொரு கணக்கும் சுவையானது. தகவலை மின்நினைவகத்தில் வைத்தால் விரைவு உண்டு, விலை அதிகம். வட்டில் வைத்தால் விலை குறைவு, எடுக்க நேரமாகும். எதை எங்கே வைப்பது? 1987இல் அவரும் ஃபிராங்கோ புட்ஸோலுவும் அன்றைய விலைகளைக் கணக்கிட்டு, ஐந்து நிமிடத்துக்குள் மறுபடி தேவைப்படுவதை நினைவகத்தில் வை, மற்றதை வட்டுக்கு அனுப்பு என்று எழுதினார்கள். நம் வீட்டுப் பெண்மக்களுக்கு இது புதிதன்று. உப்பு ஜாடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். பெருநாளைக்கு இறக்கும் பெரிய தேக்சா பரணில் இருக்கும்.

1995இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோவிலேயே இருந்து பணியாற்றினார். கணினித் துறையின் உயரிய விருதாகிய டூரிங் விருது 1998ஆம் ஆண்டுக்கு அவருக்கு வழங்கப்பெற்றது. அதே ஆண்டில் ‘டெர்ராசர்வர்’ என்ற சேமிப்பகத்தை அவரது குழு இணையத்தில் திறந்தது. வானிலிருந்து எடுத்த நிலப் படங்களைச் சிறு சிறு சதுரங்களாக வெட்டித் தரவுத்தளத்தில் அடுக்கி, எவரும் தம் ஊரைப் பார்க்கும்படி செய்தார்கள். பின்னர் வானியலாளர் அலெக்ஸ் சாலேயுடன் சேர்ந்து, தொலைநோக்கி கண்ட விண்மீன்களையும் அவ்வாறே அடுக்கினார். அப்பெருந்தகவலை இணைய வழியே அனுப்புவது அந்நாளில் மெதுவும் செலவுமாக இருந்ததால், வட்டுகள் பொருத்திய முழுக் கணினியையே பெட்டியில் கட்டி அஞ்சலில் அனுப்பினார்! பெரிய அறிஞர் இப்படிச் செய்யலாமா என்று அவர் எண்ணவில்லை. எது மலிவு, எது விரைவு என்று மட்டும் கணக்குப் பார்த்தார்.

2007 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை. மறைந்த தம் தாயாரின் அஸ்தியைக் கடலில் தூவுவதற்காக, ‘டெனேஷியஸ்’ என்ற தம் பாய்மரப் படகில் தனியே ஃபாரலான் தீவுகளை நோக்கிப் புறப்பட்டார். கரையிலிருந்து ஏறத்தாழ 27 மைல் தொலைவு. நல்ல வானிலை, அவர் பழகிய கடல். அன்று மாலை அவர் திரும்பவில்லை. ஆபத்து என்ற சைகையும் வரவில்லை. கடலோரக் காவற்படை ஒரு லட்சம் சதுர மைலுக்கும் மேல் தேடிவிட்டு, பிப்ரவரி 1ஆம் தேதி நிறுத்தியது. அவருடைய நண்பர்கள் நிறுத்தவில்லை. செயற்கைக்கோள்கள் எடுத்த கடற்படங்களைச் சிறு துண்டுகளாக வெட்டி இணையத்தில் இட்டார்கள். முகம் அறியாத ஆயிரக்கணக்கானோர் தத்தம் வீட்டிலிருந்தபடியே, ஒரு வெண்புள்ளி தென்படுகிறதா என்று துண்டு துண்டாகப் பார்த்தார்கள். நிலப்படங்களைச் சதுரமாக வெட்டி அடுக்கிய அந்த மனிதரை அதே வழியில் தேடினார்கள் என்பதை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. 2012இல் நீதிமன்றம் அவர் இறந்தவர் என அறிவித்தது.

நம் அலுவலகத்துக்கு வருவோம். சந்தாக் கணக்கு, நிகாஹ் பதிவேட்டின் படங்கள் ஆகியவற்றின் மாற்றுப் படி ஒன்று இப்பொழுது பள்ளிவாசலுக்கு வெளியே, வேறொரு கட்டடத்தில் இருக்கிறது. எடுத்து வைத்தால் போதாது, மாதந்தோறும் திறந்து பார்க்க வேண்டும் என்று குழு முடிவு செய்தது. முதல் மாதம் திறந்தபோது இரண்டு கோப்புகள் திறக்கவில்லை. அசல் கையில் இருந்ததால் மறுபடி படி எடுத்தோம். ரசீதுப் புத்தகங்களைப் பழைய காகிதத்தோடு போட்டுவிடலாம் என்று முன்பு வந்த யோசனை கைவிடப்பட்டது. அடிக்கட்டைகள் ஆண்டு வாரியாகக் கட்டப்பட்டு அலமாரியில் இருக்கின்றன. சாவி பொருளாளரிடம் உள்ளது.