எண்சாண் உடம்பும் ஆலய அளவும்
(திருக்குட நன்னீராட்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



வடகாஞ்சி எனப் போற்றப்பெறும் இம்மீஞ்சூரில், ஏகாம்பரநாதப் பெருமான் திருமுன்னர் நின்று, அளவைப்பற்றிச் சில சொல்ல விழைகின்றேன். அளவிறந்தவனை வழிபட அளவுடைய ஆலயம் வேண்டப்படுதலின் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு விரல் ஒரு சாண். இரு சாண் ஒரு முழம். நான்கு முழம் ஒரு கோல். எண்சாண் உடம்பு தன் விரலால் தொண்ணூற்றாறு. நம் சித்தாந்தம் கூறும் தத்துவங்களும் தொண்ணூற்றாறே. நெட்டையர்க்கும் குட்டையர்க்கும் இக்கணக்கு ஒன்றே. ஆயின் ஒருவர் முழம் மற்றொருவர் முழமாகாது.

இதனை அடியேன் பட்டறிந்தேன். ஒருகால் ஒரு கோயிலுக்கு விதானச்சீலை தைப்பிக்க, மண்டபத்தை என் கையால் அளந்து 'எட்டு முழம்' என்று எழுதியனுப்பினேன். தைத்தவர் வழக்கப்படி முழத்திற்குப் 18 இஞ்சு கொண்டார். என் கை முழமோ 19½ இஞ்சு. விழா நாளன்று சீலை ஓரடி குறைந்து நின்றது. பிழை அவருடையதன்று, எவர் முழம் என்று எழுதாத என்னுடையதே.

சீலையாயின் ஒட்டுப்போடலாம், கல்லாயின் என் செய்வது? அங்குலம் என்னும் ஒரு சொல்லையே நோக்குங்கள். பள்ளிப் பிள்ளைக்கு அது 2.54 செண்டிமீட்டர். 18 இஞ்சு முழத்தில் ஒரு விரல் ஏறத்தாழ 1.9 செண்டிமீட்டர். நம் தச்சர் கையாளும் 33 இஞ்சுக் கோலை இருபத்துநான்காகப் பகுத்தால் ஓர் அங்குலம் ஏறத்தாழ 3.5 செண்டிமீட்டர். நாற்பது விரல் உயரம் என்று பழஞ்சுவடியிற் கண்டதை இஞ்சு எனக் கொள்வார்க்கு 101.6 செண்டிமீட்டர், முக்கால் இஞ்சு விரலாகக் கொள்வார்க்கு 76.2. ஒரே திருமேனிக்கு இரண்டு உயரமா?

முன்னோர் இவ்விடர்ப்பாட்டை அறிந்தவர். ஆகவே சிற்ப நூலார் அங்குலத்தை மூன்றாக வகுத்தனர். எட்டு யவை கொண்டது மானாங்குலம். ஆசாரியன் அல்லது கருத்தாவின் நடுவிரலின் நடுக்கணு மாத்திராங்குலம். படிமத்தின் உயரத்தையே பகுத்துப் பெறுவது தேகலப்தாங்குலம். உத்தம தசதாலத்தில் உயரம் 124 கூறாகும். அதில் ஒரு கூறே அப்படிமத்தின் அங்குலம். முகமும் மார்பும் திருவடியும் அக்கூற்றாலேயே அமைதலின், படிமம் சிறிதாயினும் பெரிதாயினும் அழகு குன்றாது.

இராசராசன் அளித்த திருமேனிகளைத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் குறிக்கும்போது, வெறுமனே முழம் என்னாது, பெருவுடையார் கோயிலில் வைத்திருந்த முழத்தால் அளந்ததென்றே குறிக்கின்றன. நிலம் அளக்கும் கோலைக் கோயிற் சுவர்களிலே வெட்டிவைத்த ஊர்களும் பல. அரசன் மாறினும் கல் மாறாதன்றோ?

1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீட்டர் நமக்குப் பொது அளவாயிற்று. அது நன்றே. எனினும் இத்திருக்கோயில் வாயிலில் மல்லிகைச்சரம் இன்றும் முழக்கணக்கிலேதான் விற்கப்பெறுகிறது. பூக்காரம்மையின் கையே ஆங்கு அளவுகோல். பூவிற்கு அது போதும், திருப்பணிக்குப் போதாது. ஆதலின் திருப்பணி செய்வார்க்கு ஒரு விண்ணப்பம்: ஏட்டுக் கணக்கை மட்டும் கொண்டு பெருக்கிக் கல்லை வெட்டாதீர்கள். நிற்கின்ற பழங்கல்லை முதலில் அளந்து, அதன் கோலை அறியுங்கள். மீட்டரையும் அக்கோலையும் அருகருகே எழுதிவையுங்கள். அடுத்த குடமுழுக்குச் செய்யும் பேரப்பிள்ளைகள் தடுமாறாதிருக்க அதுவே துணை.

எண்சாண் உடம்பைத் தந்தவன், அதன் விரலாலேயே தன் கோயிலை அளக்கவும் வைத்தான். அவ்வருளை எந்தக் கோலால் அளப்போம்?

திருச்சிற்றம்பலம்.