ஊறுகாய்ப்புல்லில் பூசணம் வராமல் காப்பது எப்படி?

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பெல்லாம் புல்லாக நிற்கிறது. வெட்டிப் போட ஆளில்லை, தின்ன மாடு போதவில்லை என்ற நிலை. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அதே மாடு காய்ந்த சோளத்தட்டையையும் வைக்கோலையும் அசை போட்டுக்கொண்டு நிற்கிறது. பாலும் குறைகிறது, சினைப் பிடிப்பதும் தள்ளிப் போகிறது. மிகுதியாகக் கிடைக்கும் காலத்துப் பசுந்தீவனத்தைக் கோடைக்கென்று பதப்படுத்தி வைப்பதுதான் ஊறுகாய்ப்புல். சைலேஜ் என்று சொல்வதும் இதையே.

ஊறுகாய்ப்புல் தயாரிக்கும் முறையை உங்களில் பலர் அறிவீர்கள். ஒரு முறை செய்து பார்த்துக் கைவிட்டவர்களும் இங்கே இருப்பீர்கள். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "பூசணம் பூத்து வீணாய்ப் போச்சுங்க." ஆகவே இன்று பூசணத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

பூசணம் ஏன் வருகிறது?

நறுக்கிய பசுந்தீவனத்தைக் காற்றுப் புகாமல் அழுத்தி மூடினால், உள்ளே மிஞ்சியிருக்கும் கொஞ்சக் காற்றும் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதன்பின், பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சேர்ந்தவை தீவனத்திலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமில கார நிலை 4-க்கு அருகில் இறங்குகிறது. அழுகல் நின்று தீவனம் கெடாமல் இருக்கிறது.

புளித்துவிட்டால் பூசணம் வராது என்று நினைக்க வேண்டாம். புளித்த தயிரின் மேல் பூசணம் படர்வதைப் பார்த்திருப்பீர்கள். பூசணத்தைத் தடுப்பது புளிப்பு மட்டும் அல்ல, காற்று இல்லாமைதான். காற்று உள்ளே போனால் முதலில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் பெருகி அந்த லாக்டிக் அமிலத்தையே தின்றுவிடுகிறது. தீவனம் சூடாகிறது, புளிப்புக் குறைகிறது. அதன்பின் பூசணம் தாராளமாகக் குடியேறுகிறது.

வீட்டில் ஆவக்காய் போடும்போது எண்ணெய் மேலே மிதக்க நிற்கும்படி பார்த்துக்கொள்கிறோம். காற்றுப் படாமல் இருக்கத்தான் அது. பெரிய ஜாடியைத் துணி கட்டி வைத்துவிட்டு, அன்றாடச் செலவுக்குச் சின்ன ஜாடியில் எடுத்துக்கொள்கிறோம். தாய்மார்கள் அறிந்த இந்த வழக்கம்தான் ஊறுகாய்ப்புல்லுக்கும் பொருந்தும்.

காற்று மூன்று சமயங்களில் உள்ளே நுழைகிறது: குழியை நிரப்பும்போது, மூடியிருக்கும்போது, திறந்து எடுக்கும்போது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிரப்பும்போது

தீவனத்தின் ஈரப்பதம் 65 முதல் 70 சதம் இருக்க வேண்டும். நறுக்கிய தீவனத்தை ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறவுங்கள். சாறு சொட்டினால் ஈரம் அதிகம். உருண்டை உடனே உதிர்ந்துவிட்டால் காய்ந்துவிட்டது என்று பொருள். உருண்டை மெல்லப் பிரிந்து, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் அதுவே சரியான பதம். காய்ந்த தீவனம் பஞ்சு போல் எழும்பி நிற்கும். எவ்வளவு மிதித்தாலும் இடையில் காற்று தங்கிவிடும். பூசணத்திற்கு அதுவே முதல் வாசல்.

மக்காச்சோளத்தை மணி பால் முற்றி மாவுப் பதம் வரும்போது அறுவடை செய்யுங்கள். தீவனச் சோளத்தைப் பூத்தபின் அறுக்கலாம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லில் நீர் அதிகம், சர்க்கரை குறைவு. காலையில் வெட்டி 4 முதல் 6 மணி நேரம் வாடவிட்டு, 100 கிலோ புல்லுக்கு 2 கிலோ வீதம் கரும்பாலைப் பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்துப் போடுங்கள்.

அரை அங்குலம் முதல் முக்கால் அங்குல நீளத்துக்கு நறுக்க வேண்டும். துண்டு நீண்டால் இடுக்கும் அதிகம். அரை அடி உயரத்துக்கு ஓர் அடுக்குப் பரப்பி, நன்றாக மிதித்து, பிறகு அடுத்த அடுக்கைப் போடுங்கள். நடுவில் எல்லோரும் மிதிப்பார்கள். ஓரத்தையும் மூலையையும் விட்டுவிடுவார்கள். பூசணம் தொடங்குவது அந்த ஓரத்தில்தான். அங்கே திமிசுக்கட்டையால் இடியுங்கள். ஒரு குழியை ஒரே நாளில் நிரப்பி மூடிவிட வேண்டும், தவறினால் மறுநாளுக்குள். இன்று பாதி, ஆள் கிடைத்தால் நாளை மறுநாள் மீதி என்றால், நடுவிலே ஒரு சூடான அடுக்கு நிற்கும்.

மூடியிருக்கும்போது

மேட்டுப்பாங்கான, தண்ணீர் தேங்காத இடம் வேண்டும். தீவனத்தைத் தரைமட்டத்துக்கு மேல் குவியலாக ஏற்றி, கனமான பாலித்தீன் தாளைப் போர்த்தி, விளிம்புகளை மண்ணில் புதைத்து, மேலே அரை அடி மண் அல்லது பழைய டயர்களை நெருக்கமாக வையுங்கள். தாள் தீவனத்தோடு ஒட்டியிருக்க வேண்டும்; காற்றில் படபடக்கக் கூடாது. வாரம் ஒரு முறை குழியைச் சுற்றி வாருங்கள். எலி வளை, கோழி கிளறிய இடம், ஆடு ஏறி மிதித்த இடம் எதுவானாலும் அன்றே ஒட்டிவிடுங்கள். ஒரு விரல் நுழையும் ஓட்டை ஒரு கூடைத் தீவனத்தைக் கெடுத்துவிடும்.

திறந்து எடுக்கும்போது

இந்த மூன்றாவது விஷயத்தை நான் பாடப் புத்தகத்தில் படித்திருந்தும், ஒரு விவசாயியின் தோட்டத்தில்தான் சரியாகக் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் மூன்று கறவை மாடுகள் வைத்திருந்த ஒருவர் தோட்டத்தில் நானே உடனிருந்து ஒரு குழி போட்டோம். அகலம் 6 அடி, ஆழம் 5 அடி, நீளம் 10 அடி. நறுக்கியதும் மிதித்ததும் மூடியதும் குறை சொல்ல முடியாதபடி நடந்தன. 45 நாள் கழித்துத் திறந்தபோது பழ வாசனை வீசியது. நான் மகிழ்ச்சியோடு ஊர் திரும்பினேன்.

மூன்று வாரத்தில் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தால், எடுக்கும் முகப்பில் கை வைக்க முடியாத சூடு. வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். ஏறக்குறைய ஒரு டன் தீவனம் எருக்குழிக்குப் போயிற்று. அந்த வீட்டு அம்மா கேட்டார்: "எங்க மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு தின்னும்னு கேக்காமலே குழி வெட்டச் சொல்லிட்டீங்களே, சார்?"

அவர் கேட்டது நியாயம்; தவறு என்னுடையது. கணக்கைப் பாருங்கள். ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ வீதம் மூன்று மாட்டுக்கு 45 கிலோ. நன்கு மிதித்த ஊறுகாய்ப்புல் ஒரு கன அடிக்குச் சுமார் 15 கிலோ இருக்கும். ஆகவே தினம் எடுத்தது 3 கன அடி. முகப்போ 6 அடிக்கு 5 அடி, அதாவது 30 சதுர அடி. தினமும் முகப்பில் சுமார் ஒன்றேகால் அங்குலம் மட்டுமே குறைந்தது. திறந்த முகப்பிலிருந்து காற்று அதைவிட வேகமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நம் வெயிலுக்கு முகப்பு முழுவதிலும் தினமும் குறைந்தது அரை அடியாவது எடுத்தாக வேண்டும். அப்போதுதான் பூசணம் பிடிக்குமுன் மாடு தின்று முடிக்கும்.

ஆகவே நான் இன்று சொல்ல வந்த முக்கியமான சேதி இதுதான்: குழியின் அளவை உங்களிடமுள்ள புல்லைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், மாட்டைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பத்து மாடு வைத்திருப்பவருக்குத் தினம் 150 கிலோ, அதாவது 10 கன அடி தேவை. அரை அடி எடுக்க வேண்டுமானால் முகப்பு 20 சதுர அடி. 5 அடி அகலம், 4 அடி ஆழம் போதும். 90 நாளுக்கு 45 அடி நீளம் வேண்டும். அதையும் ஒரே குழியாக வெட்டாமல் இரண்டாகப் பிரிப்பது நல்லது. மொத்தம் பதின்மூன்றரை டன் தீவனம் பிடிக்கும்.

இரண்டு, மூன்று மாடு வைத்திருப்பவர்களுக்குக் குழியே வேண்டாம். உள்ளே பாலித்தீன் பை, வெளியே நெய்த சாக்குப் பை என்று 50 கிலோ மூட்டைகளாகக் கட்டுங்கள். மூன்று மாட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூட்டை. பிரித்த மூட்டை அன்றே தீர்ந்துவிடும். பூசணத்துக்கு நேரமே கிடையாது. வாயைக் கட்டுமுன் காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, முறுக்கிக் கட்டி, நிழலில் பலகை மேல் அடுக்கி, எலி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியுள்ள 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மும் பயன்படும். சுமார் 100 கிலோ பிடிக்கும். மூன்று மாட்டுக்கு இரண்டு நாள் தீவனம்.

குழியிலிருந்து எடுக்கும்போது மேலிருந்து கீழாகச் செங்குத்தாக வெட்டி எடுங்கள். குடைந்து எடுத்தால் மீதியெல்லாம் தளர்ந்து காற்று புகும். எடுத்தவுடன் தாளை இழுத்து மூடிவிடுங்கள். முகப்பில் கை வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தால், பூசணம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உங்களுக்கு எச்சரிக்கை கிடைத்துவிட்டது. அன்று முதல் எடுக்கும் அளவைக் கூட்டுங்கள்.

பூசணம் பூத்துவிட்டால்

அரும்பாடுபட்டுச் சேர்த்ததைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. "நல்ல தீவனத்தோடு கலந்து போட்டால் என்ன? பால் வற்றிய மாட்டுக்குப் போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். போடவே கூடாது என்பதே என் பதில்.

1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் மாண்டன. பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு காரணம் என்று கண்டறிந்தார்கள். அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது அப்படித்தான். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லிலும் அந்தப் பூசணம் வளரக்கூடும். எந்தப் பூசணத்தில் நஞ்சு இருக்கிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மாடு தின்ற ஒரு நாளைக்குள் இந்த நஞ்சு உருமாறிப் பாலில் வருகிறது. பாலைக் காய்ச்சினாலும் போவதில்லை. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தப் பாலைக் குடிப்பது சங்கத்துக்கு ஊற்றும் வீட்டாரின் குழந்தையும், வாங்கும் வீட்டாரின் குழந்தையும்தான். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பாலிலிருந்து நஞ்சு விலகிவிடும் என்பது ஆறுதல்.

சினை மாடு பூசணத் தீவனம் தின்றால் கன்று வீசிவிடவும் கூடும். ஆட்டுக்கும் போடாதீர்கள். பூசணம் தெரியும் இடத்தோடு, அதைச் சுற்றியுள்ள நிறம் மாறிய, சூடான பகுதியையும் சேர்த்து எடுத்து, தொழுவத்துக்குத் தூரத்தில் எருக்குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். அள்ளும்போது மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

நல்ல ஊறுகாய்ப்புல் மஞ்சள் கலந்த பச்சையாக, புளித்த பழ வாசனையோடு இருக்கும். முதலில் மாடு ஒன்றுக்கு 5 கிலோவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். பால் கறந்தபின் கொடுத்தால் பாலில் வாசனை ஏறாது.

இந்த ஆண்டு குழி வெட்டக் கடப்பாரையை எடுக்குமுன், உங்கள் தொழுவத்துக்குப் போய் மாட்டை எண்ணுங்கள். தினம் எத்தனை கிலோ, எத்தனை கன அடி என்று வீட்டில் உள்ளவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அதன்பின் குழியா, மூட்டையா என்று முடிவு செய்யுங்கள். கோடையிலும் உங்கள் மாடுகளுக்குப் பூசணம் இல்லாத நல்ல தீவனம் கிடைக்கட்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.