ஆறுதல் சொல்பவருக்கு ஆறுதல் சொல்வது யார்?

(சிவகாசி தொண்டர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பட்டாசு ஆலையில் வெடிச்சத்தம் கேட்டால் நம் பகுதியில் முதலில் ஓடுவது யார்? தீயணைப்பு வண்டி வருவதற்கு முன்பே பக்கத்து ஊர் மக்கள் ஓடுகிறார்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் உதவ ஓடியவர்களே அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். ஏறத்தாழ 40 உயிர்கள் பறிபோயின. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

வெந்த உடலுக்குச் சிவகாசி அரசு மருத்துவமனை உண்டு, மதுரை ராஜாஜி மருத்துவமனை உண்டு. வெந்த மனதுக்கு? இழவு வீட்டுத் திண்ணையில் போய் உட்காருபவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியர், ஜமாஅத் தொண்டர் ஆகியோர்தாம். கருகிய உடலை அடையாளம் காட்டிய தாயின் அழுகையை அவர்கள் கேட்கிறார்கள். கேட்ட சுமையை அவர்கள் எங்கே இறக்கி வைப்பது? சிந்தித்தோமா?

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது நம் இளைஞர்கள் சாதி, மதம் பாராமல் உடல்களைத் தூக்கி அடக்கம் செய்தார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார், பாதிக்கப்பட்ட ஊர்களின் தொண்டர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி அளித்தார்கள். பயிற்சி சில நாட்களில் முடிந்துவிடும். சுமையோ அதன் பிறகுதான் ஆரம்பம்! அதனால்தான் ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் இணைந்து 2007இல் வெளியிட்ட பேரிடர்கால மனநல வழிகாட்டுதல், பணியாளர்களின், தொண்டர்களின் மனநலத்தைத் தனித் தலைப்பாகவே வைத்தது.

இதற்கு வழி ஆதரவான மேற்பார்வை. மேற்பார்வை என்றதும் ஆலையில் ஃபோர்மேன் கணக்குக் கேட்பது நினைவுக்கு வரலாம். இது அதுவல்ல. அனுபவமுள்ள ஒருவர், குறித்த நாளில், குறித்த நேரத்தில் தொண்டரோடு அமர்கிறார். யாரைப் பார்த்தாய், எது கடினமாக இருந்தது, தூக்கம் வருகிறதா, அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்கிறார். விசாரணை இல்லை, குற்றம் சாட்டுதல் இல்லை.

மூன்று விஷயங்களை மனதில் நிறுத்துங்கள்.

ஒன்று: தொண்டர் மனம் திறந்து சொன்னது அமானிதம். அது டீக்கடைக்குப் போனால் அடுத்த முறை எவரும் வாய் திறக்க மாட்டார். உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் உரியவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். அதை முதல் நாளே தெரிவித்துவிட வேண்டும்.

இரண்டு: கண்டதையெல்லாம் அன்றே ஒப்பிக்கும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது. அப்படி ஒரே அமர்வில் கிளறிக் கேட்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. அவராகப் பேசும்போது கேளுங்கள்.

மூன்று: வாரங்கள் கடந்தும் தூக்கம் இல்லை, வெடிச்சத்தத்திற்கே உடல் நடுங்குகிறது, வாழ்வே வெறுக்கிறது என்றால் அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். அது பலவீனம் அல்ல, மருத்துவம்!

சகோதரர்களே! "ஆம்பளை அழலாமா?" என்று கேட்டே எத்தனை இளைஞர்களின் வாயை அடைத்திருக்கிறோம்? ஆம்புலன்ஸ் வாங்க வசூல் செய்கிறோம், நல்லது. அதில் ஏறிப் போகிறவன் திரும்பி வந்த பிறகு அவன் பேச்சைக் கேட்க யாரை நியமித்தோம்?

தீபாவளி வேலை மும்முரமாகும் மாதங்கள் வருவதற்கு முன், ஒவ்வொரு கிளையும் தொண்டர் பெயர்ப் பட்டியல் எழுதட்டும். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், அவர் பேச்சைக் கேட்கப்போகும் மூத்தவரின் பெயரையும் எழுதட்டும். பெண் தொண்டருக்குப் பெண்ணே இருக்கட்டும். அந்த மூத்தவருக்கும் ஒருவர் வேண்டும். அவர் பெயரையும் எழுதுங்கள்.

விபத்து நடந்த பிறகு தேட வேண்டிய பட்டியல் அல்ல இது.