கணக்கில் விட்ட இடம்



ஓர் இரும்புத் துண்டின் கதையைச் சொல்லித் தொடங்குகிறேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து, 2024-ஆம் ஆண்டு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் தொழில் பயில வந்தவன் ஒரு மாணவன். பணிமனையில் அவனுக்கு ஓர் இரும்புத் துண்டைக் கொடுத்து, 12.5 மில்லிமீட்டர் கனத்துக்கு அராவச் சொன்னார்கள். அராவினான், வெர்னியர் காலிப்பரை வைத்துப் பார்த்தான், 12.36 என்று காட்டிற்று. ஐந்தைவிட முப்பத்தாறு பெரிதாயிற்றே என்று எண்ணி, மீண்டும் அரத்தை எடுத்துத் தேய்த்தான். முன்னமே குறைந்துபோயிருந்த துண்டு இன்னும் குறைந்தது. அளந்ததில் பிழையில்லை, கையிலும் பிழையில்லை. ஒரு புள்ளிக்கு வலப்பக்கம் நிற்கும் எண்ணைப் படிக்கத் தெரியாததுதான் பிழை.

பணிமனைக் கணக்குத் தேர்விலும் அவன் தவறினான். கள்ளக்குறிச்சியில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, "எனக்குக் கணக்கு வராது ஐயா, ஊர்ப் பிள்ளைகளோடு வெளிமாநிலத்துக்குக் கூலிவேலைக்குப் போகிறேன்" என்றான்.

எத்தனை மாணவர் இவ்வாறு சொல்லக் கேட்டிருக்கிறேன்! கணக்கு முழுவதும் வராதவர் எவரும் இலர். எங்கோ ஓரிடத்தில் இழை அறுந்திருக்கும். அதன் மேல் நெய்ததெல்லாம் தொங்கும். ஆசிரியப் பயிற்சியில் இதற்குக் குறையறி சோதனை என்றும், குறைதீர் கற்பித்தல் என்றும் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். தேர்வில் இரண்டு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் வேலைக்கு வந்த புதிதில் நான் செய்ததென்ன? பின்னக் கணக்கில் தவறிய பையனைக் கடைசி வரிசைக்கு அனுப்பி, இரண்டாம் வாய்பாட்டிலிருந்து எழுதச் சொன்னேன். சிறு குழந்தையின் பாடத்தைப் பதின்மூன்று வயதுப் பையன் எழுதினால் மற்றவர் சிரிக்கமாட்டார்களா? அவன் மறுவாரம் பள்ளிக்கு வரவில்லை. அதன்பின் வரவே இல்லை.

ஆதலால் இம்மலை மாணவனைப் பின்னோக்கி அனுப்ப எனக்கு மனமில்லை. முதலில் இழை அறுந்த இடத்தைத் தேடினோம். ஆறாம் வகுப்பு முடியும் முன்னே 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பரில். இடையில் ஏழாம் வகுப்பு முழுவதும் வீட்டிலேயே கழிந்தது. அவன் ஊரில் கைப்பேசிக்கு அலையும் எட்டவில்லை. தசம எண்கள் அவனைத் தொடாமலே கடந்துபோயின. பிற்பாடு எவரும் அதைக் கேட்கவில்லை; அவனும் சொல்லவில்லை.

பணத்தைக் கொண்டு விளக்கலாமென்று, "12.5 ரூபாய் என்றால் எவ்வளவு?" என்றேன். "பன்னிரண்டு ரூபாய் ஐந்து பைசா" என்றான். பைசாவைக் கையில் எடுத்தறியாத தலைமுறையிடம் பைசாவைக் காட்டிப் பயனென்ன? என் உதாரணம் எனக்கே பழசாகிவிட்டது.

பிறகு, வீட்டில் என்ன பயிர் என்று கேட்டேன். மரவள்ளி என்றான். மரவள்ளிக் கிழங்கை ஆலைக்காரர் எடையை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. மாவுச்சத்தைச் சோதித்துப் புள்ளிக் கணக்கில் விலை போடுவார்கள். "புள்ளிக்கு முந்நூறு ரூபாய், உன் கிழங்கு இருபத்தாறரைப் புள்ளி, டன்னுக்கு என்ன வரும்?" என்றேன். நான் வாய் மூடுமுன், "ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது" என்றான்! அந்த இருபத்தாறரையைப் பலகையில் 26.5 என்று எழுதினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "அரைக்கு ஏன் ஐயா ஐந்து போடுகிறீர்கள்?" என்றான். அந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். ஒன்றைப் பத்தாகப் பங்கிட்டால் ஐந்து பங்கு அரை. நூறாகப் பங்கிட்டால் ஐம்பது பங்கு அரை. அப்படியானால் 12.5 என்பதும் 12.50 என்பதும் ஒன்றே, 12.36 அதற்குக் குறைவு. இரும்புத் துண்டு எங்கே கெட்டது என்பதை அவனே சொல்லிவிட்டான்.

பின்னோக்கி அனுப்பாமல் உடன் நின்று உதவுவது பிற நாட்டிலும் சோதிக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்னும் ஈராண்டுக் கல்லூரிகள் உண்டு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அத்தகைய மூன்று கல்லூரிகளில், 2013-ல், கணக்கில் பின்தங்கிய மாணவரைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கினார்கள். முதற் பிரிவுக்குப் பழைய தொடக்க இயற்கணிதம். இரண்டாம் பிரிவுக்கு அதனோடு வாரந்தோறும் துணை வகுப்பு. மூன்றாம் பிரிவை நேரே கல்லூரிப் புள்ளியியலில் சேர்த்து, அதற்கும் துணை வகுப்பு. 2016-ல் வெளியான முடிவின்படி, தேறியவர் முறையே நூற்றுக்கு 39, 45, 56 பேர். இயற்கணிதமும் புள்ளியியலும் ஒன்றல்லவே என்று நீங்கள் கேட்கலாம், நியாயந்தான். எனினும் துணை வகுப்புப் பெற்ற பிரிவுகளில் தேறியவர் கூடுதலாயிருந்ததைப் பாருங்கள்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தவறிய கணக்கை அழிக்காதீர்கள். ஒரு கோடிட்டு அப்படியே வையுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தால், அரைப் படி அரிசியோடு இன்னும் கொஞ்சம் போட்டபின் அரைப் படிக்கும் குறையுமா என்று உங்களையே கேளுங்கள். எந்த வரியில் வழி தவறியது என்று தேடுங்கள். கண்டுபிடிக்க முடியாவிட்டால் அந்தத் தாளையே ஆசிரியரிடம் நீட்டுங்கள். "புரியவில்லை" என்பதைக் காட்டிலும், "இந்த வரி புரியவில்லை" என்பது அவருக்குப் பெரிய உதவி. நான் ஆசிரியனாயிருந்து சொல்கிறேன்.

அந்த மாணவன் கூலிவேலைக்குப் போகவில்லை. வாரத்தில் இரண்டு மாலை கச்சிராயபாளையம் பேருந்தைத் தவறவிட்டுவிட்டு, என் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டான். மறுமுறை எழுதிய தேர்வில் தேறினான், மதிப்பெண் அதிகமில்லை. கோண அளவுக் கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். கடைசியாக வந்தபோது தன் வகுப்பு நண்பன் ஒருவனையும் அழைத்துவந்து, "இவனுக்குப் புள்ளி வைத்த எண்ணெல்லாம் நான் சொல்லிக் கொடுத்துவிட்டேன் ஐயா, வகுத்தல்தான் விட்டுப்போயிருக்கிறது" என்றான்.